மரணம் எங்கிருந்து வந்தது?
கிறித்தவ சமயம் கூறும் விடை

பிறந்தவர் யாவரும் இறப்பர் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் "ஏன் இறக்க வேண்டும்?" என்று மனிதன் வினவாதிருந்த காலமும் இல்லை. உலகத்துச் சமயங்கள் யாவும் தத்தம் நெறிக்கேற்ப இவ்வினாவுக்கு விடை பகர்ந்துள்ளன. நம் அயலிலே வாழும் கிறித்தவ அன்பர்கள் கூறும் விடை யாது என்பதை நம்மிற் பலர் அறியோம். அவர்கள் வீட்டு மரணச் சடங்குக்குச் செல்கின்றோம். சேமக்காலை வரை உடன் நடக்கின்றோம். குருவானவர் ஓதும் செபங்களைத் தலைகுனிந்து கேட்கின்றோம். அச்செபங்களின் அடியிலுள்ள கருத்து என்னவென்று உசாவுவதில்லை.

இது நூலறிவுக்காக மட்டும் ஆராயத் தக்க பொருளன்று. மரணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு சமயம் கூறும் விடையைப் பொறுத்தே, பிள்ளையைப் பறிகொடுத்து அழும் தாய்க்கு அச்சமயம் என்ன ஆறுதல் கூறும் என்பதும் அமைகின்றது. கிறித்தவ சமய வரலாற்றில் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படுகின்றது.

ஏதேன் தோட்டம்

விவிலியத்தின் முதல் நூலாகிய ஆதியாகமம் கூறும் கதை பலரும் அறிந்ததே. இறைவன் மண்ணினால் மனிதனை உருவாக்கி, உயிர் மூச்சை ஊதி, ஏதேன் என்னும் தோட்டத்தில் வாழவைத்தார். அத்தோட்டத்தின் நடுவே வாழ்வின் மரமும், நன்மை தீமை அறியும் மரமும் நின்றன. இரண்டாவது மரத்தின் கனியை உண்ணலாகாது, உண்ணும் நாளிற் சாவு வரும் என்பது கட்டளை. பாம்பின் சொற்கேட்டு ஏவாள் உண்டாள். அவள் கொடுக்க ஆதாமும் உண்டான். இருவரும் தோட்டத்தினின்று வெளியேற்றப்பட்டனர்.

இக்கதையை ஊன்றிப் படிப்பவர்க்குச் சில ஐயங்கள் எழும். கனியை உண்ட நாளில் ஆதாம் சாகவில்லை. 930 ஆண்டுகள் வாழ்ந்தான் என்று அந்நூலே கூறுகின்றது. விவிலியத்தில் முதன்முதல் உயிர் நீத்தவர் ஆதாமும் அல்லர், ஏவாளும் அல்லர். அவர்களுடைய மகன் ஆபேலே முதலில் மாண்டான். அதுவும் தமையன் காயீனின் கையால், குற்றம் ஏதும் செய்யாதவனாக மாண்டான். குற்றம் செய்தவரின் வீட்டுக்கே சாவு வந்தது; ஆனால் அது கொண்டுபோனது அவர்களின் பிள்ளையை. பெற்றவர் இருக்கப் பிள்ளை போகும் துயரமே மனித குலம் கண்ட முதற் சாவாக அங்கு காட்டப்பட்டிருக்கின்றது.

ஆதாம் சாவில்லாதவனாகப் படைக்கப்பட்டான் என்று அந்நூல் வெளிப்படையாகக் கூறவும் இல்லை. வாழ்வின் மரத்துக் கனியையும் பறித்துண்டு என்றென்றும் வாழ்ந்துவிடாதபடி அவன் வெளியேற்றப்பட்டான் என்றே கூறுகின்றது. அவ்வாறாயின் மனிதன் இயல்பாகவே சாகத் தக்கவனா? அன்றிப் பாவத்தினால் அந்நிலையை அடைந்தவனா? பிற்காலத்து அறிஞர் நூற்றாண்டுக் கணக்காக வாதிட்டது இதனைப் பற்றியே.

இவ்வாதத்துக்கு வித்திட்டவர் புனித பவுல். நம் நாட்டுக் கத்தோலிக்க முதியோர் இவரையே சின்னப்பர் என்று அழைத்தனர். 1ஆம் நூற்றாண்டில் உரோமருக்கு அவர் எழுதிய திருமுகத்தில், ஒரு மனிதனின் மீறுதலால் பாவமும், அதன் வழியே மரணமும் உலகிற் புகுந்தன என்றும், மற்றொரு மனிதராகிய இயேசுவினால் வாழ்வு திரும்பி வந்தது என்றும் விளக்கினார். ஆதாமையும் இயேசுவையும் இரு புறத்தும் நிறுத்தி அவர் செய்த இவ்வொப்பீடே பின்னைய கோட்பாடு அனைத்துக்கும் கால்கோளாயிற்று.

சொல்லால் வரும் மயக்கம்

இவ்விடத்து நம்மவர் ஒரு சொல்லைப் பற்றித் தெளிவடைதல் வேண்டும். ஆதாமிடமிருந்து மனித குலம் முழுவதற்கும் வந்த குறையைத் தமிழ்க் கத்தோலிக்கர் "சென்மப் பாவம்" என்பர். இச்சொல்லைக் கேட்கும் சைவர், முற்பிறப்பிலே செய்த பாவம் என்று பொருள்கொள்ளல் இயல்பே. கிறித்தவர் கருத்து அதுவன்று. அவர்களுக்கு முற்பிறப்பு என்பதே இல்லை. இப்பிறப்போடு கூடவே வருவது என்பதே அவர்கள் கொள்ளும் பொருள். ஆதிப் பாவம் என்னும் மற்றொரு வழக்கு இம்மயக்கத்தைத் தவிர்க்கும்.

அடிப்படை வேற்றுமையும் இங்கேதான் உள்ளது. நம் சித்தாந்தத்தில் உயிர் அநாதி; அதனைப் பற்றியுள்ள ஆணவமும் அநாதி. பிறப்பும் இறப்பும் வினைவழி மாறி மாறி வருவன. நீங்க வேண்டியது இறப்பு மட்டுமன்று, பிறப்பும் கூட. கிறித்தவர்க்கோ உயிருக்குத் தொடக்கம் உண்டு. பிறவி ஒன்றே. பிறப்பு இறைவனின் கொடை. இறப்பு இடையிலே புகுந்தது. ஆதலால் மரணம் எப்போது, எவ்வாறு வந்தது என்ற வினா நமக்கிருப்பதைக் காட்டிலும் அவர்களுக்குக் கூர்மையானது.

கார்த்தேஜ் நகரத்து வாதம்

5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வினா பெரும் பூசலாக மூண்டது. பிரித்தானியாவிலிருந்து உரோமாபுரிக்கு வந்த பெலாஜியுஸ் என்னும் துறவி, மனிதன் தன் முயற்சியால் நல்லவனாகலாம். ஆதாமின் பாவம் ஆதாமுக்கே உரியது என்று போதித்தார். அவர் வழிநின்ற செலெஸ்தியுஸ் என்பவர், ஆதாம் பாவம் செய்திராவிடினும் செத்தேயிருப்பான் என்று கூறினாரெனக் குற்றஞ்சாட்டப்பட்டு, 411இல் ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகரிற் கண்டிக்கப்பட்டார். 418ஆம் ஆண்டு மே மாதம் அதே நகரில் இருநூற்றுக்கு மேற்பட்ட ஆயர்கள் கூடினர். ஆதாம் பாவம் செய்தாலும் செய்யாவிடினும் இயற்கையின்படி செத்தே தீருவான் என்று கூறுபவர் திருச்சபைக்குப் புறம்பானவர் என்பதே அச்சங்கம் செய்த முதற் தீர்மானம்.

இத்தீர்மானத்தின் பின்னால் நின்ற பேரறிஞர் ஹிப்போ நகரத்து ஆயர் புனித அகுஸ்தீன் ஆவர். இவர் காலம் 354 முதல் 430 வரை. ஹிப்போ இன்று அல்ஜீரிய நாட்டில் அன்னாபா எனப்படுகின்றது. அகுஸ்தீன் செய்த நுண்ணிய பாகுபாடு ஒன்று நினைவிற்கொள்ளத் தக்கது. சாகாதிருக்க வல்லவன் வேறு. சாகவே இயலாதவன் வேறு. ஆதாம் முதல்வகையினன். இறைவனோடு பொருந்தியிருக்கும்வரை சாகாதிருக்கும் வரம் அவனுக்கிருந்தது; பிரிந்தபோது அது போயிற்று. இறைவன் உயிரை விட்டு நீங்குவது உயிரின் சாவு. உயிர் உடலை விட்டு நீங்குவது உடலின் சாவு. முன்னது அன்றே நிகழ்ந்தது. பின்னது அதன் விளைவாகப் பின்னர் வந்தது. ஆதாம் அன்றே சாகாமல் 930 ஆண்டுகள் வாழ்ந்தது எங்ஙனம் என்பதற்கும் இதனால் விடை கிடைக்கின்றது.

மரணம் தண்டனையே என்று இத்துணை உறுதியாக வாதாடிய அகுஸ்தீனை ஈரமற்ற நெஞ்சினர் என்று எண்ணிவிடலாகாது. இளமையில் உயிர்த் தோழன் ஒருவனை இழந்து, ஊரே வெறுத்துப்போய் அவர் வேறூர் சென்றார். 387இல் தாயார் மோனிக்கா, ஆபிரிக்கா திரும்பும் வழியில், உரோமாபுரியின் துறைமுகமாகிய ஒஸ்தியாவில் நோயுற்றுக் காலமானார். அப்போது தாய்க்கு வயது 56, மகனுக்கு 33. உடலை எங்கேனும் அடக்கம் செய்யலாம், திருப்பலிப் பீடத்தின் முன் தம்மை நினைத்தால் போதும் என்பதே அவ்வம்மையாரின் கடைசி விருப்பம். விசுவாசமுள்ளவன் அழலாகாது என்று கண்ணீரை அடக்கிக்கொண்டிருந்த அகுஸ்தீன், பின்னர்த் தனிமையிலே அழுதார். அழுததை மறையாமல் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் எழுதியும் வைத்தார். சில ஆண்டுகளுக்குள் ஒரே மகன் அதேயோதாத்துசும் இளவயதில் மறைந்தான். மரணம் மனிதனுக்கு இயல்பானதன்று என்று அவர் எழுதியபோது, அது தர்க்கத்திலிருந்து மட்டும் பிறந்த சொல்லாக இருந்திராது.

கீழைத்தேயத்தார் கொண்ட கருத்து

கிரேக்க மொழி வழங்கிய கீழைத் திருச்சபைகள் இதனை வேறொரு கோணத்தில் நோக்கின. பவுலின் திருமுகத்தில் ஒரு சிறு சொற்றொடரே இவ்வேற்றுமைக்கு ஒரு காரணம். எல்லோரும் பாவம் செய்தமையால் மரணம் எல்லோரிடத்தும் பரவிற்று என்பது போலக் கிரேக்க மூலத்தைப் பலர் கொள்வர். அகுஸ்தீன் வாசித்த இலத்தீன் மொழிபெயர்ப்போ, அந்த ஒருவனுக்குள் எல்லோரும் பாவம் செய்தனர் என்று பொருள்பட நின்றது. மேற்கே, ஆதாமின் குற்றமே பிள்ளைகளைத் தொடர்கின்றது என்ற கருத்து வலுப்பெற்றது. கிழக்கே, தொடர்வது குற்றம் அன்று, சாகுந் தன்மையே என்ற கருத்து நிலைத்தது. நோயாளித் தந்தைக்குப் பிறந்த பிள்ளைக்கு நோய் வருவது போல என்று இதனை விளக்கலாம். நோய் வந்தமைக்காகப் பிள்ளையைக் குற்றவாளி என்று எவரும் கூறார்.

2ஆம் நூற்றாண்டில் லியோன் நகரத்து ஆயராயிருந்த புனித இரனேயு இன்னும் ஒரு படி சென்றார். வாழ்வின் மரத்தை இறைவன் மனிதனுக்கு எட்டாமல் வைத்தது இரக்கத்தினாலேயே என்றார் அவர். பாவத்தோடு கூடிய வாழ்வு முடிவின்றி நீண்டுவிடாதபடி மரணம் அதற்கு எல்லையிட்டது. இக்கருத்தின்படி சாவு தண்டனையாயினும் மருந்துமாயிற்று.

கீழைத் திருச்சபையினர் உயிர்த்த ஞாயிறுக்கெனத் தீட்டும் படம் இக்கொள்கையைக் கண்ணெதிரே காட்டும். கொன்ஸ்தாந்திநோப்பிளிலுள்ள கோரா ஆலயத்துச் சுவரில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டப்பெற்றது அவற்றுட் புகழ் வாய்ந்தது. பாதாளத்தின் கதவுகள் முறிந்து காலடியிற் கிடக்க, வெண்ணிற ஆடையணிந்த கிறிஸ்து ஆதாமை ஒரு கையாலும் ஏவாளை மறு கையாலும் மணிக்கட்டிற் பிடித்துக் கல்லறைகளினின்று இழுத்தெடுக்கின்றார். குற்றவாளிகளாகப் பேசப்பட்ட அவ்விருவருமே அங்கு முதலில் மீட்கப்படுகின்றனர். பாடுபட்ட சிலுவைச் சுரூபங்கள் சிலவற்றின் அடியில் மண்டையோடு ஒன்று இருப்பதை நாம் கண்டிருப்போம். அது ஆதாமின் தலை. இயேசு அறையுண்ட கொல்கொத்தா மலையிலேயே ஆதாம் புதைக்கப்பட்டான் என்பது பழைய மரபு. எருசலேமில் கல்வாரிப் பாறையின் கீழே ஆதாமின் பெயரால் இன்றும் ஒரு சிற்றாலயம் உண்டு.

பகையும் உடன்பிறப்பும்

மரணம் அந்நியம் என்று கொள்ளுஞ் சமயம் மரணத்தைக் கண்டு அழுவதைத் தடுக்க இயலாது. 1955இல் அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்திற் சொற்பொழிவாற்றிய ஒஸ்கார் குல்மான் என்னும் புரட்டஸ்தாந்த அறிஞர் இரு மரணங்களை ஒப்பிட்டுக் காட்டினார். கி.மு. 399இல் நஞ்சுக் கிண்ணத்தை ஏந்திய சோக்கிரதர், சிறையினின்று விடுதலை பெறுபவர் போல அமைதியாக மாண்டார். இயேசுவோ முந்திய இரவில் கெத்சமனித் தோட்டத்திலே கலங்கினார். துன்பக் கிண்ணம் தம்மை விட்டு நீங்குமாறு வேண்டினார். சோக்கிரதருக்கு உடல் சிறை, மரணம் நண்பன். இயேசுவுக்கு உடல் இறைவனின் படைப்பு, மரணம் பகைவன். ஆகவேதான் கிறித்தவர் ஆன்மா விடுபடுதலை மட்டும் நம்பி அமையாது, இறுதி நாளில் உடலும் உயிர்த்தெழும் என்று எதிர்பார்க்கின்றனர்.

அடக்க முறையும் இந்நம்பிக்கையினின்று பிறந்ததே. இடுகாட்டைக் குறிக்க ஆதிக் கிறித்தவர் எடுத்துக்கொண்ட கிரேக்கச் சொல்லுக்குத் துயிலிடம் என்பது பொருள். நம் நாட்டுத் தமிழ்க் கிறித்தவர் வழங்கும் சேமக்காலை என்ற சொல்லிலும் சேமம் இருக்கின்றது. பாதுகாப்பாய் வைத்திருக்கும் இடம் என்ற எண்ணத்தை அது எழுப்புகின்றது. உடலை எரித்தலைக் கத்தோலிக்க திருச்சபை 1886இல் விலக்கியிருந்தது. 1963இல் உயிர்த்தெழுதலை மறுக்கும் நோக்கமின்றேல் எரிக்கலாம் என்று இசைந்தது. ஆயினும் சாம்பலைத் தூவிவிடாது புனித இடத்திலே வைத்தல் வேண்டும் என 2016இல் வத்திக்கான் வற்புறுத்தியது.

பகைவன் என்று கொள்ளப்பட்ட மரணமே அடியார்க்கு உறவாவதும் உண்டு. 1226இல் மரணப் படுக்கையிற் கிடந்த அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ், சூரியனையும் நீரையும் உடன்பிறந்தோராக விளித்துத் தாம் முன்பு பாடிய பாடலில், மரணத்தையும் சகோதரியென்று சேர்த்துக்கொண்டார். வென்று முடித்த பகைவனிடத்து அச்சம் ஏது?

குழந்தைகளின் கல்லறைகள்

கோட்பாடு மனித வாழ்வைத் தொடும் இடம் இனித்தான் வருகின்றது. மரணத்தைத் தந்த குற்றம் பிறப்போடு வருவதாயின், ஞானஸ்நானம் பெறுமுன் இறக்கும் பச்சிளங் குழந்தையின் கதி யாது? எக்லானும் நகரத்து ஆயர் ஜூலியன், குழந்தை என்ன குற்றம் செய்தது என்று அகுஸ்தீனை நேர்நின்று வினவினார். அகுஸ்தீன் பின்வாங்கவில்லை, அக்குழந்தைகட்கு மிக மெல்லிய தண்டனையே உண்டு என்றார். ஆயினும் தண்டனை என்றே கூறினார். வந்தால் இனத்தவர் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்த 430இல் அவர் இறந்தபோது, ஜூலியனுக்கு எழுதிய மறுப்பு நூல் முடிவுறாமலே கிடந்தது.

பின்வந்தோர்க்கு இது பொறுக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் முதலியோர், அக்குழந்தைகள் லிம்போ என்னும் நிலையில் வேதனையின்றி இயற்கையான இன்பத்தோடு இருப்பர் எனக் கூறினர். நரகமும் அன்று, இறைவனைக் காணும் பேறும் இல்லை. இதுவே நெடுங்காலம் மக்களிடையே நிலவிய எண்ணம்.

இதன் பயனை அயர்லாந்து நாட்டிற் காணலாம். அங்கே ஞானஸ்நானமின்றி இறந்த சிசுக்களை மந்திரித்த சேமக்காலையில் அடக்க இடங்கொடுக்கவில்லை. இடிந்த பழங்கோயிலடியிலும், வயல் எல்லைகளிலும், கடற்கரையோரத்திலும் கில்லீன் எனப்படும் தனி இடுகாடுகள் இருந்தன. பொழுதுபட்ட பின்னர்த் தகப்பனே சிறு பெட்டியைச் சுமந்து சென்று புதைப்பதும், பெயர் பொறியாத கல்லொன்றை அடையாளமாக நடுவதும் வழக்கம். தாய் அங்கே செல்லாத குடும்பங்கள் பல. இவ்வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது. 5ஆம் நூற்றாண்டு ஆயர்களின் வாதம் ஓர் அயர்லாந்துக் குடியானவனின் வயல் வரம்பிலே சிறு கல்லாக வந்து முடிந்ததை எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது.

திருச்சபையும் இப்பாரத்தை உணராமலில்லை. 2ஆம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர் 1969இல் வெளிவந்த அடக்கச் சடங்கு நூல், ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த குழந்தைக்கும் செபங்களை வகுத்தது. 1992இல் வெளிவந்த மறைக்கல்வி நூல் அவர்களை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைத்தது. 2007இல், பாப்பரசர் 16ஆம் பெனடிக்டின் இசைவோடு, சர்வதேச இறையியல் ஆணைக்குழு நீண்ட அறிக்கையொன்றை வெளியிட்டது. லிம்போ என்பது அறிஞர் கருத்தேயன்றித் திருச்சபை கட்டாயமாக்கிய கோட்பாடன்று என்றும், அக்குழந்தைகள் மீட்புப் பெறுவர் என நம்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டு என்றும் அது கூறியது. அயர்லாந்தில் மறந்துபோன கில்லீன்கள் சிலவற்றுக்கு இன்று குருமார் சென்று ஆசி வழங்குகின்றனர். நினைவுக் கற்களும் நாட்டப்படுகின்றன.

விஞ்ஞானம் எழுப்பும் வினா

மனிதன் தோன்றுமுன்னரே உயிர்கள் பிறந்து இறந்தன என்பதைப் பாறைகளிற் பதிந்த எலும்புகள் காட்டுகின்றன. பெரும் பல்லியினங்கள் அழிந்து ஏறக்குறைய 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளாயின. 1859இல் டார்வினின் நூல் வெளிவந்த பின்னர், ஆதாமினாற் சாவு வந்தது என்பது எவ்வாறு பொருந்தும் என்று பலர் கேட்டனர். தொடக்க நூலை எழுத்துக்கு எழுத்து உண்மையெனக் கொள்ளும் கிறித்தவர் இவ்வாராய்ச்சியை ஏலார். ஏற்போர்க்கும் விடை இல்லாமற் போகவில்லை. மனிதனின் பாவத்தால் விலங்குகளின் இயல்பு மாறவில்லை, சிங்கம் அன்றும் ஊனையே உண்டது என்று அக்குவினாஸ் அன்றே எழுதியிருந்தார். ஜெர்மனிய இறையியலாளர் கார்ல் ராஹ்னர் 1958இல் வெளியிட்ட நூலில், பாவம் இல்லாதிருப்பினும் மனிதனின் உலக வாழ்வு ஒரு நாள் முற்றுப் பெற்றேயிருக்கும் என்றார். கனி பழுத்து முற்றுவது போன்ற நிறைவாக அது இருந்திருக்கும். இருளும் அச்சமும் பிரிவின் கொடுமையுமே பாவத்தால் வந்தவை என்பது அவர் கருத்து. ஆகவே 418இல் எழுந்த வினா இன்னும் அடங்கிவிடவில்லை.

விளக்கமும் கண்ணீரும்

இவ்வாதங்களையெல்லாம் பார்த்தபின் நற்செய்தி நூல்களைத் திறப்பவர்க்கு ஒன்று வியப்பளிக்கும். மரணத்தின் காரணத்தைப் பற்றி இயேசு எங்கும் விரித்துரைக்கவில்லை. அவர் வாயிலிருந்து ஆதாம் என்னும் பெயர் வந்ததாக அந்நூல்கள் நான்கிலும் இல்லை. சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவரைக் காட்டிலும் பெரும் பாவிகள் என்று எண்ணவேண்டாம் எனத் தடுத்தார். நண்பன் லாசர் இறந்து நான்காம் நாள் அவ்வூர்க்குச் சென்றார். நீர் இங்கிருந்திருந்தால் சாவு நேர்ந்திராதே என்று சகோதரியர் இருவரும் முறையிட்டனர். அவர் மரியாளும் மற்றோரும் அழுவதைக் கண்டு உளங்கலங்கித் தாமும் கண்ணீர் விட்டார். சிறிது நேரத்தில் லாசரை எழுப்பப் போகின்றவர் அவர். ஆயினும் முதலில் அழுதார்.

மரணத்துக்கு நாம் கூறும் காரணம் வினையாகலாம். அவர்கள் கூறும் காரணம் ஆதிப் பாவமாகலாம். இரண்டும் ஆழ்ந்த சிந்தனையிற் பிறந்தவை, கற்கத் தக்கவை. ஆனால் இரண்டுமே, துயருற்றவர் முகத்தின் முன்னே குற்றச்சாட்டாக நீட்டப்படுங்கால் கொடியவையாகிவிடும். பிள்ளையை இழந்த தாயிடம் "முன்செய்த வினை" என்று நம்மவர் கூறுவதும், கில்லீனிலே அந்த நாட்டார் நட்ட கல்லும் ஒரே வகையின. காரணத்தை ஆராய்வதற்கு வேறு நாள்கள் உண்டு. துக்க வீட்டிலே நாம் செய்யத் தக்கது அழுவாரோடு அமர்ந்திருத்தலே.